ஊதியத்தை யாரிடம் கேட்பது? வீட்டுப் பராமரிப்புப் பெண்களைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் அம்மையார் எழுதிக் கேட்டிருக்கிறார். பக்கவாதத்தால் படுத்திருக்கும் அவருடைய தாயாரைக் கவனிக்க வாரத்தில் மூன்று நாள் ஒரு பெண் வருகிறார். உடம்பைத் துடைத்து, மருந்து கொடுத்து, புரட்டிப் படுக்கவைத்து, புண் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். வாரம் 40 மணி நேரம் இப்படி வீடுவீடாகச் செல்பவருக்கு ஒரு தொண்டு நிறுவனம் மாதம் 2,750 ராண்ட் தருகிறது. அவரும் அவரோடு வேலை செய்யும் இருபத்திரண்டு பேரும் ஊதிய உயர்வு கேட்டு டர்பன் நகர மன்றத்துக்கு மனுவோடு சென்றபோது, "இது நகராட்சியின் வேலையே அல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். நகராட்சி சொன்னது சரியா, இனி எந்தக் கதவைத் தட்டுவது, அந்தப் பெண்ணுக்கு நன்றிக்கடன் பட்ட குடும்பம் என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

நகராட்சி சொன்னது பாதி சரி. அந்தப் பாதிதான் இத்தனை ஆண்டுகளாக இந்தப் பெண்களை அலைக்கழித்துவருகிறது. நகராட்சி மாகாணத்தைக் கைகாட்டும். மாகாணம் தொண்டு நிறுவனத்தைக் கைகாட்டும். தொண்டு நிறுவனமோ, "எங்களுக்கு வரும் மானியமே இவ்வளவுதான்" என்று கையை விரித்துவிடும். டர்பனில் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகள் வழக்குக் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எவ்வளவு ஊதியம் என்ற கேள்விக்கு முன்னால், யார் முதலாளி என்ற கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். அதற்கு விடை கிடைத்துவிட்டால் தொகையைப் பற்றிப் பேசச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. விடை கிடைக்காதவரை மனுக்கள் மேசைக்கு மேசை மாறிக்கொண்டிருக்கும்.

முதலில் சட்டம். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் 'சுகாதாரச் சேவைகள்' தேசிய அரசும் மாகாணமும் பகிர்ந்துகொள்ளும் பொறுப்பாக ஒரு பகுதியிலும், 'நகராட்சி சுகாதாரச் சேவைகள்' நகராட்சியின் பொறுப்பாக இன்னொரு பகுதியிலும் இடம்பெற்றுள்ளன. பெயரை மட்டும் படித்தால் வீட்டுப் பராமரிப்பும் நகராட்சியைச் சேர்ந்தது என்று தோன்றும். ஆனால் 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் அந்தச் சொல்லுக்கு மிகக் குறுகிய பொருளே தருகிறது: குடிநீரின் தரத்தைக் கண்காணிப்பது, உணவுக் கட்டுப்பாடு, கழிவு மேலாண்மை, கொசு முதலியவற்றை ஒழிப்பது, இறந்தோரின் உடலை அப்புறப்படுத்துவது போன்ற சுற்றுப்புறச் சுகாதாரப் பணிகளே அதில் அடங்கும். இறந்தபின் நகராட்சியின் கணக்கில் வரும் மனிதர், உயிரோடு படுக்கையில் இருக்கும்வரை மாகாணத்தின் கணக்கில் இருக்கிறார் என்பது சட்டம் வகுத்தவர்கள் எண்ணிப் பார்க்காத ஒரு கசப்பான வேடிக்கை.

ஆகவே அட்டவணைப்படி அந்த அலுவலர் சொன்னதில் தவறில்லை. ஆனால் டர்பன் போன்ற பெருநகராட்சிகள் தங்கள் பெயரிலேயே மருத்துவ நிலையங்களை நடத்துகின்றன; அதற்கு மாகாணத்திடமிருந்து மானியமும் பெறுகின்றன. இதைத் தவிர, வேலையில்லாதவர்களுக்குத் தற்காலிக வேலை தருவதற்காக 2004இல் தொடங்கிய விரிவாக்கப்பட்ட பொதுப்பணித் திட்டம் இருக்கிறது. அந்தத் திட்டத்தின் பணம் நகராட்சிகள் வழியாகவும் மாகாணத் துறைகள் வழியாகவும் பாய்கிறது. வீட்டுப் பராமரிப்பு தொடக்கத்திலிருந்தே அதன் சமூகத் துறைப் பிரிவில் சேர்க்கப்பட்டது. உங்கள் வீட்டுக்கு வரும் பெண்ணின் ஊதியம் இந்த வழிகளில் ஏதாவது ஒன்றால் வருகிறதென்றால், கொடுக்கும் கை தொண்டு நிறுவனத்துடையதாக இருந்தாலும் பணம் அரசாங்கத்தின் பணமே. அது எந்த அரசாங்கத்தின் எந்தத் தலைப்பிலிருந்து வருகிறது என்பதை எழுத்தில் தெரிந்துகொள்வதுதான் உங்கள் முதல் வேலை.

நீங்கள் எழுதிய 2,750 ராண்ட் என்ற தொகையே எனக்கு ஒரு தடயமாக இருக்கிறது. 2025 மார்ச் 1 அன்று நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 28.79 ராண்ட் ஆக்கப்பட்டது. வாரம் 40 மணி நேரம் என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 173 மணி, அதாவது 4,990 ராண்ட். ஆனால் விரிவாக்கப்பட்ட பொதுப்பணித் திட்டத்தில் பதிவானவர்களுக்கு மட்டும் அதே சட்டம் அப்போது மணிக்கு 15.83 ராண்ட் என்ற தனி விகிதத்தை அனுமதித்தது. அதே மணிக்கணக்கில் அது 2,744 ராண்ட். அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது அதைவிட ஆறு ராண்ட் அதிகம். எனவே அந்த நிறுவனம் அவரைப் பொதுப்பணித் திட்டப் பணியாளராகக் கணக்கிடுகிறது என்றே நான் ஊகிக்கிறேன். கணக்கிடுவது வேறு, பதிவு செய்திருப்பது வேறு. திட்டம் முறைப்படி பதிவாகியிருக்க வேண்டும். பணியாளரின் ஒப்பந்தத்தில் அது சொல்லப்பட்டிருக்க வேண்டும். அப்படிப் பதிவு எதுவும் இல்லாமல் அந்த விகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கொடுக்கும் நிறுவனங்களை நான் கண்டிருக்கிறேன். பதிவு இல்லையென்றால், அந்த 2025 விகிதப்படியே அவருக்கு மாதம் 2,240 ராண்ட் குறைவாகக் கொடுக்கப்படுகிறது. ஓராண்டில் அது 26,880 ராண்ட் ஆகும்.

இந்தத் தனி விகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 2019 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது மணிக்கு 20 ராண்ட் என்று நிர்ணயிக்கப்பட்டது. பண்ணைத் தொழிலாளருக்கு 18, வீட்டுப் பணியாளருக்கு 15, பொதுப்பணித் திட்டத்தாருக்கு 11 என்று மூன்று விதிவிலக்குகள் இருந்தன. பண்ணைத் தொழிலாளர் 2021இலும் வீட்டுப் பணியாளர் 2022இலும் முழு விகிதத்துக்கு உயர்த்தப்பட்டனர். பண்ணை முதலாளியும் குடும்பத் தலைவியும் முழு ஊதியம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொன்னபிறகும், அரசாங்கம் தன் பணத்திலிருந்து கூலி கொடுக்கும் திட்டத்துக்கு மட்டும் அன்றைய 55 விழுக்காடு இன்றும் 55 விழுக்காடாகவே நிற்கிறது. தனியார் முதலாளிக்கு ஒரு நியாயம், அரசுக்கு ஒரு நியாயம்.

இந்த நிலை எப்படி வந்தது என்பதை அறிந்தால்தான் எதிர்த்தரப்பு சொல்லப்போகும் வாதமும் விளங்கும். 1990களின் பிற்பகுதியில் எச்.ஐ.வி. தொற்று நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தைச் சூறையாடியபோது மருத்துவமனைகளில் படுக்கை போதவில்லை. பொது மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. மருந்து பரவலாகக் கிடைக்கத் தொடங்கியதே 2004இல்தான். அதுவரை நோயாளிகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களைக் கழுவித் துடைத்துச் சோறூட்டியவர்கள் அந்தந்தத் தெருவின் பெண்கள். சூலு மொழியில் அவர்களை 'ஓனொம்பிலோ' என்பார்கள். உடல்நலத்தையும் வாழ்வையும் குறிக்கும் 'இம்பிலோ' என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. தேவாலயங்களும் தொண்டு அமைப்புகளும் அவர்களை ஒன்று சேர்த்தன. பிறகு அரசு அந்த அமைப்புகளுக்கு மானியம் கொடுத்தது. மானியத்திலிருந்து அந்தப் பெண்களுக்கு ஒரு சிறு தொகை போனது. 2004ஆம் ஆண்டின் கொள்கைச் சட்டகம் அந்த ஏற்பாட்டையே முறைப்படுத்தி வைத்தது. 2011 முதல் வார்டு அளவிலான சுகாதாரக் குழுக்கள் அமைக்கப்பட்டபோது வேலை பெருகியது. காசநோய் மருந்து விழுங்குவதைப் பார்ப்பது, கர்ப்பிணிகளைத் தேடிப் பிடிப்பது, குழந்தைகளின் எடை பார்ப்பது என்று பட்டியல் நீண்டது. 2020 ஏப்ரலில் கொரோனா அறிகுறி கேட்டு வீடுவீடாக அனுப்பப்பட்டவர்களும் இவர்களே. வேலை அரசாங்க வேலையாகிவிட்டது. பணியாளர் மட்டும் 'தன்னார்வலர்' ஆகவே இருந்தார்.

அந்தத் தொகைக்கு வைத்த பெயரைக் கவனியுங்கள். அதைச் சம்பளம் என்று யாரும் எழுத மாட்டார்கள், உதவித்தொகை என்பார்கள். தமிழில் உதவித்தொகை என்றால் படிக்கிற பிள்ளைக்கும் கைம்பெண்ணுக்கும் கொடுப்பது. கொடுப்பவர் விரும்பினால் கொடுக்கலாம், நிறுத்தினால் கேட்க முடியாது. இந்தியாவில் இதேபோல வீடுவீடாகச் செல்லும் ஆஷா சுகாதாரப் பணியாளர்களுக்கு 'மதிப்பூதியம்' என்றும் 'ஊக்கத்தொகை' என்றும் இன்னும் அழகான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் கேரளத்து ஆஷா பெண்கள் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தபோது, 7,000 ரூபாயை 21,000 ஆக்கக் கேட்டதோடு தங்களைத் தொழிலாளராக நடத்தவும் கேட்டார்கள். கடல் கடந்தாலும் தந்திரம் ஒன்றே.

நம் நாட்டுச் சட்டம் இந்தப் பெயர்களுக்கு மயங்குவதில்லை. குறைந்தபட்ச ஊதியச் சட்டம் தன்னார்வலருக்குப் பொருந்தாது என்பது உண்மை. ஆனால் வேலைக்குப் பதிலாக எந்தப் பணமும் பெறாத, அல்லது பெற உரிமை இல்லாத ஒருவரையே அந்தச் சட்டம் தன்னார்வலர் என்கிறது. மாதா மாதம் 2,750 ராண்ட் வங்கியில் விழுகிற பெண் அந்த இலக்கணத்துக்குள் வரமாட்டார். தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 200ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. குறைந்த வருமானம் பெறும் ஒருவர் வேலை செய்யும் முறையோ நேரமோ இன்னொருவரின் கட்டுப்பாட்டில் இருந்தால், அல்லது கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக மாதம் 40 மணி நேரமாவது அவருக்காக வேலை செய்திருந்தால், அல்லது வேலைக்கருவிகளை அவரே கொடுத்திருந்தால், இப்படிச் சொல்லப்பட்ட ஏழு அடையாளங்களில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும், அவர் ஊழியர் என்று கருதப்படுவார். இல்லை என்று நிரூபிக்கும் சுமை எதிர்த்தரப்பின் தலையில் விழும். ஒப்பந்தத்தில் 'தன்னார்வலர்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தாலும் இதுதான் நிலை.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு வழக்கு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. பெயர் வேண்டாம், அந்த நிறுவனம் இன்றும் நல்ல வேலைகள் செய்கிறது. கோப்பைப் படித்துவிட்டு, அந்தப் பெண்ணோடு ஒரு நாள் முழுவதும் கூடவே நடந்து பார்த்தேன். வெல்பெடாக்ட்டிலிருந்து காலை ஏழு மணிக்கு டாக்ஸியில் வந்து பேவியூவில் இறங்கினார். தோளில் துணிப்பை. அதில் பாதி தீர்ந்த கையுறைப் பெட்டி, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, அந்தக் கருவிக்குத் தன் காசில் வாங்கிய நான்கு பேட்டரி, ஒரு குடை, அட்டை கிழிந்த நீள நோட்டு ஒன்று. மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கி ஏழு வீடுகள். மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவரைத் தூக்கி உட்காரவைத்துச் சவரம் செய்துவிட்டார். பெரியவர் வாயைக் கோணிக்கொண்டு கிண்டலாக ஏதோ சொல்ல, இருவரும் சிரித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் அந்த நோட்டை எடுத்துத் தேதி, வீட்டு எண், வந்த நேரம், போன நேரம் எல்லாம் எழுதி, வீட்டாரிடம் கையெழுத்து வாங்கினார். எதற்கு என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் பார்த்து முத்திரை குத்தினால்தான் மாதப் பணம் வரும் என்றார்.

நிறுவனம் அவரைத் தன்னார்வலர் என்று வாதிட்டபோது நாங்கள் மேசையில் வைத்தது அந்த நோட்டைத்தான். நேரத்தை யார் கட்டுப்படுத்துகிறார்கள், வேலையை யார் மேற்பார்வையிடுகிறார்கள், மாதத்துக்கு எத்தனை மணி என்ற மூன்று கேள்விகளுக்கும் நிறுவனத்தின் சொந்த முத்திரையே பதில் சொன்னது. விசாரணை வரை போகவில்லை. சமரசத்திலேயே முடிந்தது, பாக்கியில் ஒரு பகுதி வந்தது. முழுவதும் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நிறுவனத்திடம் உண்மையிலேயே பணம் இல்லை. மானியம் கொடுத்த துறை அந்த அறைக்குள்ளேயே வரவில்லை.

தனித்தனி வழக்குகளின் எல்லை அங்கேதான் இருக்கிறது. வழக்கில் வெல்லலாம், ஆனால் பணப்பெட்டியின் சாவி வைத்திருப்பவரைக் கூண்டில் ஏற்ற, கூட்டமாகப் போராடுவதைத் தவிர வேறு வழியை நான் கண்டதில்லை. கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் இதே கதை 1980களின் இறுதியில் தொடங்கியது. முதியோரை வீட்டில் பராமரிக்கும் பல்லாயிரம் பெண்களுக்கு அரசுப் பணத்தில்தான் கூலி. ஆனால் அவர்களுக்கு யார் முதலாளி என்றால் கவுண்டியும் மாநிலமும் நாங்கள் இல்லை என்றன. 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கவுண்டி முதலாளி அல்ல என்றே தீர்ப்பளித்தது. சங்கம் ஊதியக் கோரிக்கையைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, பேச்சுவார்த்தைக்கு எதிரே உட்கார ஒரு பொது அதிகார அமைப்பை உருவாக்கும்படி சட்டத்தை மாற்றப் போராடியது. 1992இல் சட்டம் வந்தது. 1997இல் லாஸ் ஏஞ்சலஸில் அமைப்பு உருவானது. 1999 பிப்ரவரியில் 74,000 பணியாளர்கள் ஒரே வாக்கெடுப்பில் சங்கத்துக்குள் வந்தார்கள். முதலாளி ஒருவரை உருவாக்கவே அவர்களுக்குப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது.

கிளாஸ்கோவில் நடந்தது வேறு மாதிரி. அங்கே வீட்டுப் பராமரிப்புப் பெண்கள் மாநகராட்சி தானே அமைத்த ஒரு துணை நிறுவனத்தின் கீழ் இருந்தார்கள். ஆண்கள் நிறைந்த வேலைகளுக்கு அதிகமும் பெண்கள் நிறைந்த வேலைகளுக்குக் குறைவுமாக ஊதியம் அமைந்திருந்தது என்று ஆயிரக்கணக்கானோர் பல ஆண்டுகள் வழக்காடினார்கள். 2018 அக்டோபரில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இரண்டு நாள் வேலையை நிறுத்தினார்கள். குப்பை அள்ளும் ஆண்கள் அவர்களுடைய மறியலைக் கடந்து போக மறுத்து வண்டிகளை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் ஏறத்தாழ 54.8 கோடி பவுண்டு கொடுக்க மாநகராட்சி ஒப்புக்கொண்டது. பேட்டரி வாங்கித் தேயும் கையையும் குப்பை வண்டி ஓட்டும் கையையும் ஒரே தராசில் வைத்துக் கேட்டதுதான் அவர்களுடைய பலம். என் பாட்டனார் டர்பன் கார்ப்பரேஷனில் தெரு பெருக்கியவர். என் தகப்பனார் கார்ப்பரேஷன் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் வளர்ந்தவர். அந்த வரிசை வீடுகளில் வாழ்ந்த தமிழர்கள் கார்ப்பரேஷனைக் குறை சொல்லலாம், ஆனால் தங்கள் முதலாளி யார் என்று அவர்களுக்கு ஒரு நாளும் ஐயம் வந்ததில்லை. இந்தப் பெண்களுக்கு அந்த வசதிகூட இல்லை.

நம் நாட்டிலும் கூட்டுப் போராட்டம் வீண்போகவில்லை. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் 2014இல் சமுதாயச் சுகாதாரப் பணியாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். அந்த ஜூலையில் புளூம்ஃபொன்டைனில் மாகாணச் சுகாதாரத் துறைத் தலைமையகமான போஃபெலோ ஹவுஸ் முன் இரவு முழுவதும் அமைதியாக அமர்ந்திருந்தவர்களில் 129 பேர் கைது செய்யப்பட்டனர். அவர்களில் 94 பேர் 2015இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டது; 2016 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2018இல் பொதுச் சுகாதாரத் துறையின் ஊதியப் பேச்சுவார்த்தைக் கழகம், வார்டுக் குழுக்களில் உள்ளவர்களுக்கு மாதம் 3,500 ராண்ட் என்று நாடு முழுவதற்கும் ஒரே அளவை வகுத்தது. இந்தத் தொகையை உங்கள் பகுதிப் பெண்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். மணிக்கு 20 ராண்ட் என்று அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த முழுக் குறைந்தபட்ச ஊதியத்தை வாரம் 40 மணிக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ அதே 3,500தான் வருகிறது. அதாவது இந்த வேலைக்குப் பொதுப்பணித் திட்ட விகிதம் போதாது என்று அரசே 2018இல் கையெழுத்துப் போட்டுவிட்டது. பிறகு 2020 ஜூலையில் கௌடெங் மாகாணம் ஏறத்தாழ 8,500 பேரை நிரந்தர ஊழியராக எடுத்துக்கொண்டது. கௌடெங்கின் தலைநகர் ஜோகன்னஸ்பர்க்கில் முடிந்தது நம் மாகாணத் தலைநகர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஏன் முடியாது என்பது நியாயமான கேள்வி.

இனி எந்தக் கதவு என்பதற்கு வருகிறேன். பணம் இருக்கும் இடம் மாகாணம். வீடுதேடிச் செல்லும் சுகாதாரப் பணிக்கென்று தேசிய அரசு மாகாணங்களுக்குக் கொடுக்கும் மாவட்டச் சுகாதாரத் திட்ட மானியத்திலேயே ஒரு பகுதி ஒதுக்கப்படுகிறது. ஆகவே கோரிக்கை பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும், மாகாணச் சட்டமன்றத்தின் சுகாதாரக் குழுவுக்கும் போக வேண்டும். மாகாணத்தின் நிதியாண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்குகிறது. மார்ச்சில் வரவுசெலவுத் திட்டம் வாசிக்கப்படும்போது கொடி பிடிப்பதில் பயன் குறைவு, ஏனென்றால் துறைகள் தங்கள் கணக்கை முந்தைய ஆண்டின் பிற்பாதியிலேயே எழுதி முடித்துவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில் போய் நிற்பவர்களுக்குத்தான் அந்தக் கணக்கில் இடம் கிடைக்கும்.

நகராட்சியை விட்டுவிடவும் வேண்டாம். அதனிடம் கேட்க வேண்டியதை மாற்றிக் கேளுங்கள். எங்கள் சம்பளத்தை உயர்த்துங்கள் என்றால் அட்டவணையைக் காட்டுவார்கள். நகராட்சியின் பணமோ பொதுப்பணித் திட்டப் பணமோ பெறும் எந்தத் தொண்டு நிறுவனமும் முழுக் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறைவாகக் கொடுக்கக் கூடாது என்பதை நிதி ஒப்பந்தத்தின் நிபந்தனையாக்குங்கள் என்று கேட்டால், அட்டவணை தடையாக நிற்காது. அது நகர மன்றமே எடுக்கக்கூடிய முடிவு. நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. வரைவு வரவுசெலவுத் திட்டம் மார்ச் இறுதிக்குள் மன்றத்தில் வைக்கப்பட்டு, பொதுமக்கள் கருத்துக்காகத் திறந்திருக்கும். அந்த வாரங்களில் எழுத்தில் கொடுக்கும் கருத்து, நகர மன்ற வாசலில் கொடுக்கும் மனுவைவிட அதிகம் பேசும், ஏனென்றால் வந்த கருத்துகளை மன்றம் பரிசீலித்தாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் வார்டு உறுப்பினரும் அந்த நாட்களில்தான் தொலைபேசியை எடுப்பார்.

இருபத்து மூன்று பேர் சேர்ந்து சென்றதாக எழுதியிருந்தீர்கள். பொது இடத்தில் பதினைந்து பேருக்கு மேல் கூடினால், 1993ஆம் ஆண்டின் கூட்டங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி நகராட்சிக்கு ஏழு நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அறிவிப்புக் கொடுக்கத் தவறியதை மட்டுமே குற்றமாக்கிய பிரிவை 2018 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆனாலும் அறிவிப்புக் கொடுத்துவிட்டுப் போவதே நல்லது. வேலைநிறுத்தம் செய்வதற்கு முன் கட்டாயம் சங்கத்தைக் கலந்துகொள்ள வேண்டும். சுகாதாரத்தில் பல பணிகள் இன்றியமையாச் சேவைகளாக அறிவிக்கப்பட்டிருப்பதால், தெரியாமல் இறங்கினால் வேலையே போய்விடும். எந்தச் சங்கம் என்று கேட்டால், நெஹாவு, நுப்சா இரண்டும் இந்தப் பணியாளர்களுக்காகப் பேசியவை. எங்களைப் போன்ற சங்க அலுவலகங்கள் இந்தப் பெண்களை மிகத் தாமதமாகத்தான் திரும்பிப் பார்த்தன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சந்தா கட்ட அவர்களிடம் காசு இல்லை என்பது நாங்கள் அன்று சொல்லிக்கொண்ட காரணம்.

ஊதியப் பாக்கிக்கான புகாரைத் தொண்டு நிறுவனத்தின் மீது கொடுப்பதானால், தொழிலாளர் தகராறுகளைச் சமரசத்தாலும் விசாரணையாலும் தீர்க்கும் சி.சி.எம்.ஏ. அலுவலகத்துக்குப் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுத்தது உறுதியானால், குறைத்த தொகையின் இரு மடங்கு அல்லது மாத ஊதியத்தின் இரு மடங்கு, இவற்றில் எது அதிகமோ அது அபராதமாக விழும். ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக வேலை வாங்கினாலும் நான்கு மணிக்கான ஊதியம் கொடுத்தாக வேண்டும். புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நீக்கினால் முப்பது நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். முப்பத்தோராம் நாள் வந்து அழுதவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன்.

கடைசியாக உங்கள் குடும்பம். தாயார் முதியோர் உதவித்தொகை வாங்குபவராகவும் முழுநேரக் கவனிப்புத் தேவைப்படுபவராகவும் இருந்தால், அரசின் உதவித்தொகைகளை வழங்கும் சாஸ்ஸா அலுவலகத்தில் கூடுதல் பராமரிப்பு உதவிக்கு விண்ணப்பிக்கலாம். 2025 ஏப்ரலில் அது மாதம் 560 ராண்டாக இருந்தது. அந்தப் பணத்தை அதே பெண்ணிடம் கொடுத்துச் சனி, ஞாயிறும் வரச் சொல்வது நம் வீடுகளில் வழக்கம்; நானும் செய்திருக்கிறேன். அப்படிச் செய்த நிமிடம் அந்த இரண்டு நாளுக்கு நாம்தான் முதலாளி. 560 ராண்டுக்கு அந்த ஆண்டின் முழுக் குறைந்தபட்ச ஊதியத்தில் கிடைத்தது மாதத்துக்குப் பத்தொன்பது மணி நேரம். எட்டு நாளுக்கு அது காணாது. தனியார் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவரும் சட்டத்தில் வீட்டுப் பணியாளரே. மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் வேலையின்மைக் காப்பீட்டில் பதிய வேண்டும். வேலையில் அடிபட்டால் இழப்பீடு பெறும் உரிமையையும் 2020 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் வீட்டுப் பணியாளருக்கு உறுதி செய்துவிட்டது. தாயாரைத் தூக்கும்போது அந்தப் பெண்ணின் இடுப்புப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்பதை இப்போதே யோசித்து வைப்பது நல்லது.

தொண்டு நிறுவனத்தோடு அவருக்குள்ள வழக்கில் நீங்கள் வெளியாள் இல்லை, நீங்கள்தான் சாட்சி. அவர் பையிலும் ஒரு வருகை நோட்டு இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அதில் நேரத்தைக் கவனிக்காமல் ஒரு கிறுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இனி அவர் வரும்போது வந்த நேரத்தையும் போன நேரத்தையும் நீங்களே உங்கள் கையால் எழுதி, முழுப் பெயரோடு கையெழுத்திட்டு, அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். மற்ற வீட்டாரிடமும் சொல்லுங்கள். மூன்று மாதப் பக்கங்கள் சேர்ந்ததும், ஒப்பந்தத்தின் நகலையும் வங்கியில் பணம் விழுந்த குறுஞ்செய்திகளையும் சேர்த்து எனக்கு அனுப்பிவையுங்கள். மணிக்கணக்கை நான் கூட்டித் தருகிறேன்.